வால்யூம் ஜீரோவில் மாரியோ

எங்கள் வீட்டு மாரியோ ஊமை.

அப்பா கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃப்ரேம் ஓட்டினார். நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் காலையில் எட்டரைக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், பாயை விரிப்பார். மூன்று மணி வரை அசைய மாட்டார். லைன் வீடு. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. டிவி இருந்த அறையில்தான் அப்பாவின் பாய். சரி, அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் வந்தால் சத்தம் வைக்கலாமே என்றால், பக்கத்து வீட்டு மாமாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஆக வருஷம் முழுக்க யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். அம்மா ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள்: "நீ என்னமோ பண்ணிக்க கண்ணு, சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது."

1996 பொங்கலுக்கு டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் அந்த டிவி கேமை வாங்கினோம். மாரியோவைச் செய்த ஜப்பான் நிறுவனமான நிண்டெண்டோவின் பெயர் அந்தப் பெட்டியில் எங்குமே கிடையாது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். 99 கேம் என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஆறுதான். அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பான். முதல் நாளே அம்மா டிவி வால்யூமைத் திருகிக் கடைசிக்குக் கொண்டுபோனாள். அதன் பிறகு நான் நாலு மாதம் மாரியோ ஆடினேன், ஒரு சொட்டுச் சத்தம் கேட்காமல். காயின் எடுத்தால் மணி அடிக்கும் என்று தெரியாது. குழாயில் இறங்கினால் ஒரு ஒலி வரும் என்று தெரியாது. பாட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் நன்றாக ஆடினேன். நான்காம் உலகம் வரை போவேன். கொஞ்சம் மெதுவான ஆட்டக்காரன், எல்லாக் காயினையும் பொறுக்காமல் நகர மாட்டேன். நேரம் எவ்வளவு மிச்சம் என்று வலது மேல் மூலையில் இருக்கும் எண்ணை அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் பார்ப்பதுபோல. அவ்வளவுதான்.

கோடை லீவுக்குப் பொள்ளாச்சி சித்தி வீட்டுக்குப் போனேன். அங்கே தனி ரூமில் டிவி, அதே கேசட். பெரியவன் செந்தில் அண்ணன் சுவிட்சைப் போட்டதும் அந்தப் பாட்டு வந்தது. நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "இதுல பாட்டு வருமா?" என்று கேட்டேன். அவன் அந்த லீவு முழுக்க அதைச் சொல்லியே என்னை ஓட்டினான்.

இரண்டாம் உலகத்தில் இருந்தேன். வழக்கம்போலக் காயின் பொறுக்கிக்கொண்டு நிதானமாக வந்தேன். நேரம் 100ஐத் தொட்டது. திடீரென்று பாட்டு நின்று, ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி வந்து, மறுபடி அதே பாட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. எனக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை. கை வேர்த்தது. ஓட்டப் பட்டனை அழுத்தியது நான்தானா என்றுகூட நினைவில்லை. வீட்டில் நூறு தடவை தாண்டிய பள்ளத்தில் போய் நேராக விழுந்தேன். "என்றா அவசரம் உனக்கு?" என்றான் செந்தில் அண்ணன். அடுத்த உயிரிலும் அதே இடம், அதே பாட்டு, அதே பள்ளம்.

இதைப் பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயத்தின் அநியாயம் புரிந்தது. அந்த இடத்தில் கேமில் எதுவுமே மாறுவதில்லை. மாரியோவின் வேகம் கூடுவதில்லை. ஆமையும் காளானும் அதே நடைதான் நடக்கும். குழி அகலமாகாது. மாறுவது பாட்டின் வேகம் மட்டும்தான். நேரமும் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. மாரியோவின் கடிகாரம் நம் நொடிக் கணக்கில் ஓடாது, ஒவ்வொரு எண்ணும் கிட்டத்தட்ட 0.4 நொடி. 100 என்று காட்டும்போது நம் கையில் ஏறக்குறைய 40 நொடி இருக்கும். தெரிந்த பாதையில் 40 நொடி என்பது தாராளம். ஊமை மாரியோ ஆடிய பையனுக்கு அது தாராளமாகத்தான் இருந்தது. பாட்டைக் கேட்ட பையனுக்குத்தான் போதவில்லை.

நட்சத்திரம் எடுத்தாலும் இதே கதைதான். எடுத்ததும் ஒரு குதூகலமான பாட்டு வரும், கொஞ்ச நேரத்துக்கு எது இடித்தாலும் மாரியோ சாக மாட்டான். என்ன செய்வோம்? முன்பின் பார்க்காமல் ஓடுவோம். நட்சத்திரம் எதிரியிடமிருந்து காப்பாற்றும், பள்ளத்திலிருந்து காப்பாற்றாது. நட்சத்திரம் எடுத்துப் பள்ளத்தில் விழாத ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டை எழுதியவர் கோஜி கோண்டோ. 1984ல் நிண்டெண்டோவில் சேர்ந்தவர், மாரியோ வந்தது 1985. அந்தப் பெட்டியால் ஒரே நேரத்தில் ஐந்து ஒலித்தடம்தான் வாசிக்க முடியும், அதிலும் ஒன்று வெறும் இரைச்சல். அதற்குள்தான் எல்லாமே, குதிக்கிற சத்தம் உட்பட. முதலில் அவர் போட்ட மெட்டு நிதானமாக இருந்ததாம். மாரியோ ஓடிக் குதிப்பதைத் திரையில் பார்த்த பிறகு, இது அந்த ஓட்டத்துக்குச் சேரவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாராம். அதாவது பாட்டை விரல் ஓடுகிற வேகத்துக்குத் தைத்திருக்கிறார். விரலுக்குத் தைத்த சட்டையை இறுக்கினால் விரலுக்குத்தானே மூச்சு முட்டும்.

ஒலியை வேகமாக்கிப் பதற வைக்கும் இந்த வித்தை அவர் கண்டுபிடித்ததும் இல்லை. 1978ல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் கேமில் ஏற்கெனவே இருந்தது. 5 வரிசை, வரிசைக்கு 11, மொத்தம் 55 ஜந்துக்கள் பக்கவாட்டில் அடி வைத்து அடி வைத்து இறங்கி வரும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஒலி, மொத்தம் நாலே ஸ்வரம், இறங்குமுகமாக. அதைப் பாட்டு என்று சொல்வதே அதிகம். ஆனால் நாம் ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளத் தள்ள, மிச்சம் இருப்பவை வேகம் பிடிக்கும். அந்தக் கால சிப்புக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்தத் திராணி இல்லை. ஒவ்வொன்றாகத்தான் நகர்த்தும், எண்ணிக்கை குறைந்தால் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும். மெஷினின் அந்தப் பலவீனத்தை நிஷிகாடோ திருத்தாமல் அப்படியே விட்டார். கூடவே நாலு ஸ்வரமும் நெருங்கி நெருங்கி வரும். கடைசி ஒன்று மிஞ்சும்போது நெஞ்சு எகிறுவது போல இருக்கும்.

எங்கள் ஊரில் இதற்கு ஜப்பான்காரன் வர வேண்டியதே இல்லை. மாரியம்மன் நோன்பில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடி மெதுவாக ஆரம்பிக்கும், காலும் மெதுவாக. அடிக்கிறவர் அடியை நெருக்க நெருக்க, ஆடுகிறவன் தான் வேகமாக ஆடுவதாக நினைத்துக்கொள்வான். ஆட்டுவிப்பது மேளத்தின் தோல்.

கேம் பாட்டு நம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005ல் வெளியிட்டது. க்வேக் 3 அரீனா என்ற சுடும் கேமைச் சிலருக்கு அதில் வரும் டெக்னோ இசையோடும் சிலருக்கு இசை இல்லாமலும் கொடுத்தார்கள். ஆடி முடித்த பிறகு எச்சிலை எடுத்து, பதற்றத்தில் ஊறும் கார்டிசோல் ஹார்மோனை அளந்தார்கள். இசையோடு ஆடியவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. கேம் அதேதான், துப்பாக்கி அதேதான். இதைப் படித்த அன்று செந்தில் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இது நிஜமாகப் புரிந்தது 2004ல், பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில். பி.காம் இரண்டாம் வருஷம். மணிக்கு 15 ரூபாய். பிரவுசிங் என்பது போர்டில்தான், உள்ளே எட்டு சிஸ்டத்திலும் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓடும், கார் திருடி ஊரைக் கலக்குகிற ரவுடி கேம். 1986ல் நடக்கிற கதை. காரில் ஏறினால் ரேடியோ பாடும், ஸ்டேஷன் மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் பிடிபடவில்லை. அப்போது கூடப் படித்த ஒருவன் ஒரு புதையலைக் கண்டுபிடித்தான். கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் நம் பாட்டைப் போட்டால் ரேடியோவில் அதுவும் ஒரு ஸ்டேஷனாக வரும். அப்புறம் கேட்க வேண்டுமா. காந்திபுரத்தில் 30 ரூபாய்க்கு வாங்கிய, நூற்றுச் சொச்சம் தமிழ்ப் பாட்டு இருந்த சிடி ஒன்றை மொத்தமாக அதில் கொட்டினோம்.

அந்த சிடியில் வரிசை என்று ஒன்றும் கிடையாது. குத்துப் பாட்டுக்கு அடுத்து எண்பதுகளின் மெலடி, அதற்கடுத்து ஐயப்பன் பாட்டு. இதனால் நாங்கள் அறியாமலே ஒரு சோதனை நடந்தது. குத்துப் பாட்டு ஓடினால் கார் ரோட்டில் ஓடாது. பிளாட்பாரத்தில் ஓடும், விளக்குக் கம்பத்தில் மோதும், ரெண்டு நிமிஷத்தில் போலீஸ் பின்னால் வரும். மெலடி வந்தால் அதே பையன் கடற்கரை ரோட்டில் பனைகளுக்கு நடுவே சாயங்காலம் காற்று வாங்குகிறவன் மாதிரி ஓட்டுவான். ஒருநாள் ஒருத்தன் சிவப்பு சிக்னலில் நின்றான். ஜிடிஏவில்! மொத்த சென்டரும் எழுந்து வந்து பார்த்தது. "பாட்டு முடியட்டும்டா" என்றான். நின்றது தனக்கே தெரியாது என்று பிறகு சத்தியம் பண்ணினான். ஐயப்பன் பாட்டுக்கு மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டேஷனை மாற்றிவிடுவோம். துப்பாக்கியோடு அதைக் கேட்க எங்களுக்கே கூச்சம்.

இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் வாரன் பிராட்ஸ்கி என்பவர் ஏறக்குறைய அதே காலத்தில் இதையே முறையாகச் செய்திருந்தார். கம்ப்யூட்டரில் கார் ஓட்ட வைத்து, பாட்டின் தாளவேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். தாளம் வேகமானால் ஓட்டுகிற வேகமும் கூடியது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற மீறல்களும் கூடின. எங்களுக்கு யாராவது ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தால் பீளமேட்டிலிருந்தே ஒரு கட்டுரை வந்திருக்கும்.

அதன் பிறகு வந்த கேம்களில் பாட்டு நம்மை வெளிப்படையாக விரட்டுவதை விட்டு, கூடவே நடக்கக் கற்றுக்கொண்டது. 2010ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற கௌபாய் கேமை ஒரு நண்பன் வீட்டில் பிஎஸ்3ல் ஆடியபோது இதைக் கவனித்தேன். சும்மா நடந்தால் தூரத்தில் ஏதோ ஒரு கிடார். குதிரையில் ஏறினால் அடியில் பாஸ் கிடார் சேரும். துப்பாக்கி எடுத்தால் டிரம்ஸ். எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியாது. இசையமைத்தவர்கள் துண்டு துண்டாக வாசித்து வைத்த எல்லாவற்றையும் ஒரே சுருதியில், ஏ மைனரில், நிமிடத்துக்கு 130 என்ற ஒரே தாளவேகத்தில் வைத்துக்கொண்டார்கள். அதனால் எதன் மேல் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம், உருவலாம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு ஒரு புகார் உண்டு. டிரம்ஸ் அடங்கினால் எல்லா எதிரியும் செத்தாயிற்று என்று அர்த்தம். கண்ணால் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளும் பழக்கமே போய்விடும். பாட்டு சொன்னால் துப்பாக்கியை எடுப்பேன், பாட்டு சொன்னால் வைப்பேன். எனக்கும் குதிரைக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது.

இதற்கு நேர் எதிர் என் மச்சினன் மகன் ஆடும் பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்திய வடிவம். லாபியில் முழங்குகிற பாட்டு, மேட்ச் ஆரம்பித்ததும் காணாமல் போய்விடும். புல்லில் காலடி கேட்கிறதா, மரப்படியில் கேட்கிறதா, மாடியில் எந்தப் பக்கம் என்று காதை வைத்துத்தான் உயிர் வாழ வேண்டும். ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் அவன் முகத்தைப் பார்த்தால், ராத்திரி கதவில் ஏதோ சத்தம் கேட்டுப் படுக்கையிலேயே விறைத்துக் கிடக்கிறவன் முகம் மாதிரியே இருக்கும். பாட்டு இல்லாததும் ஒரு பாட்டுதான் போல.

என் மகளுக்கு ஒன்பது வயது, டேப்லெட்டில் மைன்கிராஃப்ட், சதுரக் கட்டைகளால் ஆன உலகத்தில் தோண்டிக் கட்டும் கேம். அதற்கு முதலில் இசை போட்டவர் சி418 என்ற பெயரில் எழுதும் ஜெர்மன்காரர் டேனியல் ரோசன்ஃபெல்ட். அந்தப் பாட்டுகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பல நிமிஷம் ஆட்டுக் கத்தல்தான், திடீரென்று எங்கிருந்தோ ஒரு பியானோ. நீ ஜெயித்தாய், தோற்றாய், ஆபத்து, ஓடு என்று எதையும் அது சொல்லாது. காரணமே இல்லாமல் வரும், போகும். ஆனால் வந்ததும் இவள் தோண்டுவதை நிறுத்திவிடுகிறாள். ஏதாவது மேட்டில் ஏறி நின்று சதுரச் சூரியன் இறங்குவதைப் பார்க்கிறாள். "ஏன் பாப்பா நின்னுட்ட?" என்றால், "சும்மாதான் ப்பா." இரண்டு நாள் கழித்து ஹோம்வொர்க் செய்யும்போது அதே பியானோவை முணுமுணுத்தாள். இந்த விஷயத்தில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் என் மகளும் ஒரு கட்சி. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் அவர்கள் 2023ல் மாரியோ பாட்டைச் சேர்த்தார்கள், கேம் இசையில் அதுதான் முதல். 2025ல் மைன்கிராஃப்டின் முதல் ஆல்பத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் வேலை. மாதம் 20ஆம் தேதி நெருங்கி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாக்கி இருந்தால் தலைக்குள் அந்த 100ஆவது எண்ணின் பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். சத்தியமாக. அப்போது செய்கிற தப்புகளும் அதே பள்ளத்து வகைதான்.

கடைசியாக அப்பா. முப்பத்தைந்து வருஷம் ரிங் ஃப்ரேம் இரைச்சலில் நின்றதில் அவருக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டது. "மெஷின் இன்னும் உள்ளுக்குள்ள ஓடுதுடா" என்பார். 2023 தீபாவளி லீவில் லேப்டாப்பை டிவியில் மாட்டி வெண்பா என்ற கேமை ஆடிக்கொண்டிருந்தேன். டொரோண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 1988ல் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, ஆட்டம் முழுக்க சமையல்தான். முதலில் இட்லி. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டில் பாதி வரி அழிந்துபோயிருக்கும், மீதியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். விரட்டுகிற கடிகாரம் எதுவும் இல்லை. சமைக்கும்போது ரேடியோவில் பாட்டு வரும். அந்தந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுச் சாயலில் இந்த கேமுக்கென்றே புதிதாகப் போட்ட பாட்டுகள்.

இட்லிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும் நான் பட்டனைத் தொடாமல் இருந்தேன். சரணம் ஓடிக்கொண்டிருந்தது. சரணத்தின் நடுவில் குக்கரைத் திறக்க மனசு வரவில்லை. பீளமேட்டு சிக்னலில் நின்றவன் ஞாபகம் வந்தது.

அப்பா கட்டிலில் இருந்து எழுந்து வந்து, டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து நல்ல காதைக் கொடுத்தார்.

"இது என்ன படம்?"

"படம் இல்லீங்கப்பா, கேம். பாட்டு இதுக்குன்னே இந்த வருஷம் போட்டது."

"உனக்கென்னடா தெரியும். நீ பால்வாடி போயிட்டிருந்தப்ப கோவை வானொலில வந்த பாட்டு இது. உங்கம்மாளக் கேளு."

அம்மா வந்து கொஞ்ச நேரம் கேட்டாள். கேட்ட மாதிரிதான் இருக்கிறது என்றாள். இரண்டு பேருக்கும் படத்தின் பெயர்தான் நினைவுக்கு வரவில்லை, அதற்காக ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் சத்தமா வையி" என்றார் அப்பா. வைத்தேன். "இன்னும்." வைத்தேன். சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது, சத்தத்தைக் குறைங்க என்றாள். நான் ரிமோட்டைத் தேடினேன். அது அப்பா மடியில் இருந்தது, அவருக்கு அவள் சொன்னது கேட்கவில்லை.